கொல்லையில் புதைத்த கோடாலி

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவது இங்கிலீஷில்தான். தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கோர்ட் குமாஸ்தா வீட்டு விவகாரம் அடுத்த வீட்டுக்குத் தெரியலாமா? எனக்கும் தம்பிக்கும் தெரியக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. அம்மா இங்கிலீஷ் டீச்சர், வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அப்பா வார்த்தை கிடைக்காத இடத்தில் தட்டை வீசுவார்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. எமர்ஜென்சி முடிந்த சமயம். அம்மா எங்களை விட்டுவிட்டுத் திருமங்கலத்து மாமா வீட்டுக்கே போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்காது.

அம்மாவின் அலமாரியில் ஒரு தடிப் புத்தகம். இங்கிலீஷ்காரன் பேச்சில் வரும் தொடர்களெல்லாம் எங்கிருந்து முளைத்தன என்று சொல்வது. காதில் விழுந்ததைப் பொத்திக்கொண்டு போய் அதில் எழுத்துக் கூட்டித் தேடுவேன். ‘லாஸ்ட் ஸ்ட்ரா’ என்று அம்மா கத்தினால், கடைசியாக வைத்த ஒற்றை வைக்கோலில் முதுகொடிந்த ஒட்டகம் வந்து நிற்கும். இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்லும் ‘லாகர்ஹெட்ஸ்’ என்பது கப்பல்காரர்கள் தார் உருக்கிய, நீளப் பிடி வைத்த இரும்புக் குண்டாம். அதைத் தூக்கிக்கொண்டுதான் மோதியிருப்பார்கள் என்று போட்டிருந்தது. நல்லவேளை, நம் வீட்டில் கரண்டிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அம்மாவின் வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அன்றுதான் ‘பரி த ஹாட்செட்’ கண்ணில் பட்டது. அமெரிக்கப் பூர்வகுடிகள் சமாதானம் ஆகும்போது கோடாலியை மண்ணில் புதைப்பார்களாம். எங்கள் வீட்டில் வெந்நீருக்கு விறகு பிளக்கிற கோடாலி இருந்ததே! தம்பியும் நானும் கொல்லையில், முருங்கைக்குப் பக்கத்தில், முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தோம்.

சாயங்காலம் அடுப்படி வாசலில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில்.

“சின்னவனக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“பெரியவ?”

“இங்கயே இருக்கட்டும். பரீட்சை வருதுல்ல.”

“தகரப்பெட்டிய எடுத்துக்க.”

“அம்புட்டுச் சாமான் எங்கிட்ட ஏது? பை போதும்.”

அப்பா அவள் மணிக்கட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். “கை வலிக்குதா?” என்றார்.

“இல்லங்க.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இப்படியா பேசுவார்கள்? நாலு நாள் மாமா வீட்டில் இருந்துவிட்டு வரப்போகிறார்கள், அவ்வளவுதான்.

“அக்கா, சண்டை முடிஞ்சிருச்சா?” என்றான் தம்பி.

“முடிஞ்சிருச்சுடா. எல்லாம் நம்ம கோடாலியாலதான். யாருட்டயும் சொல்லிறாத.”

முடிந்துதான் போயிருந்தது. யாருக்குத் தெரிந்தால் என்ன என்று ஆன பிறகுதான் அவர்கள் தமிழுக்கு வந்தார்கள் என்பதும், சண்டை போடக்கூட ஒன்றும் மிச்சமில்லாதவர்கள்தான் அத்தனை மெதுவாகப் பேசுவார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்குப் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா, ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

“விடும்மா, வண்டி கெளம்புதுல்ல” என்று நான்தான் உருவிக்கொண்டு, சிரித்தபடி இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன்.