அமுக்கிக் கேட்டவர்கள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பம்புசெட் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றியது. கொட்டகைக்குள் பகலிலும் இருட்டு. நான் ஒயரைக் கழற்றினேன், அவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் நான் பார்க்கிற இடத்தில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

"மேல காட்டுப்பா."

காட்டினார். மறுபடி இறங்கியது. எரிச்சலோடு திரும்பினேன். இன்னொரு கையால் விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

"என்னப்பா, வலிக்குதா?"

"வலியுமில்ல கிலியுமில்ல. நீ ஸ்க்ரூவப் பாத்து முறுக்கு."

முறுக்கினேன். மோட்டார் ஓடியது. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்ததெல்லாம் ஆஸ்பத்திரி வேலை.

அப்பா பெயர் வீரையன். குடவாசலுக்குப் பக்கத்து ஊர். இளவயதில் பண்ணைக் கூலி. சங்கத்தில் சேர்ந்து, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, அறுவடையை நிறுத்தியவர்களில் ஒருவர். பிறகு குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. ஆண்டையின் நிலம் துண்டு துண்டாக விலைக்கு வந்தபோது ஒரு துண்டு எங்களுடையதாயிற்று. வீட்டில் இருந்தது செங்கொடி. ஓட்டு மட்டும் பெரும்பாலும் உதயசூரியனுக்குப் போகும். கேட்டால், "கொடி வயலுக்கு, ஓட்டு கோட்டைக்கு" என்பார். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் செய்தி பார்த்து, அரசாங்கத்தையே திட்டுவார்.

நான் ஒரே மகள். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அளவு கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினீயர். மீட்டர் தப்பாகக் காட்டினால் கண்டுபிடிப்பது என் வேலை. அப்பா விஷயத்தில் அந்தப் படிப்பு எதற்கும் ஆகவில்லை.

வேட்டி இடுப்பில் நிற்காமல் போனதும் லீவு போட்டுவிட்டு அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனேன். முதலில் வயிற்று டாக்டர். படுக்கவைத்து விலாவுக்குக் கீழே அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

இன்னும் அழுத்தி, "இங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார். அடுத்து சிறுநீரக டாக்டர். அவரும் அமுக்கினார், அவருக்கும் இல்லீங்க. இருதய டாக்டர் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். சர்க்கரை டாக்டர் எடை குறைந்ததற்குப் பாராட்டினார். ஆளுக்கொரு ஃபைல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் புரட்டிப் பார்க்கவில்லை. மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போனது.

"சாப்பாடே இறங்கல டாக்டர். படுக்க முடியாம உக்காந்தே இருக்காரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

"அப்படியாய்யா?"

"அது சும்மா பயப்படுதுங்க. படிச்ச புள்ள."

நர்ஸ் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன்ப்பா பொய் சொல்ற?"

"நான் எங்க பொய் சொன்னேன்? வா, டீ குடிப்போம்."

அடுத்தவர் வலி என்றால் மட்டும் குரல் கூரையைத் தொடும். கவுன்சிலரின் மாமியார் வரிசையைத் தாண்டி உள்ளே போனபோது அப்பா எழுந்து நின்றார். "இதென்ன ஒங்க வீட்டுக் கல்யாணப் பந்தியா, மொத எலைல வந்து ஒக்கார? இந்தம்மா முட்டிய நீட்ட முடியாம காலேலேர்ந்து கெடக்குது!" கத்தியதோடு நிறுத்தவில்லை. எங்கள் டோக்கனை அந்த முட்டிவலிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் கடைசி ஆளாக உள்ளே போய், ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிவிட்டு வந்தோம்.

வயதானவர்களை மட்டும் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதை அந்த அம்மாதான் சொன்னார். கூத்தாநல்லூர்க்காரர், மீரா உசேன். நான் எல்லா மாத்திரைகளையும், எடை இறங்கிய கணக்கையும் தேதிவாரியாக டைப் செய்து கொண்டுபோனேன். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் பேச ஆரம்பித்தேன்.

"நீங்க அப்பறம்மா. மொதல்ல ஐயா பேசட்டும்."

ஐயா பேசித்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லவில்லை. தொடவுமில்லை. "போன சம்பாவுல செஞ்சு, இப்ப செய்யாம விட்டுட்ட வேலை என்னென்னங்கய்யா?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மம்பட்டிய வச்சுட்டேங்க. வரப்பு வெட்ட ஆள் விட்டாச்சு. சைக்கிள விட்டாச்சு. சோத்துல பாதிய நாய்க்கு வச்சிருவேன். மல்லாந்து படுக்கிறதயும் விட்டுட்டேங்க."

"பெரிய ஸ்ட்ரைக்கால்ல இருக்கு. கோரிக்கை என்ன?"

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள், "வலிக்குதுங்க" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"போன அறுவடையிலேர்ந்து."

போன அறுவடையிலிருந்து. நடுவில் இத்தனை டாக்டர்கள், இத்தனை வரிசைகள், மோட்டார் கொட்டகையில் நான் கேட்டது உட்பட. பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அந்த டாக்டருங்ககிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"அவுங்க அமுக்கிக்கிட்டே கேட்டாங்க."

"அமுக்கிப் பாத்தாதானே தெரியும்!"

"வயித்த அமுக்கிக்கிட்டே வலிக்குதான்னு கேக்கறவனுக்கு என்ன பதிலுன்னு எனக்குத் தெரியும் புள்ள. வாய் தானா சொல்லிருது."

அறுவடை நிறுத்தத்தின்போது அவரைப் போலீஸ் பிடித்துப் போனது எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலை அவர் வயிற்றில் வைத்து அமுக்கி, "வலிக்குதாடா?" என்று கேட்பாராம். வலிக்கிறது என்றால், சங்கத்தை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லீங்க என்றார். கடைசிவரை இல்லீங்கதான். அந்தப் பதிலைத் தெருவே பெருமையாகச் சொல்லும். வெள்ளைக் கோட்டுக்கும் அதே பதில்தான் வரும் என்று எந்த டாக்டருக்குத் தெரியும்? எந்த ஃபைலில் அதை எழுதுவது?

ஸ்கேனில் கணையத்தில் புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருந்தது. மீரா உசேன் பாதி மாத்திரைகளை நிறுத்தினார், வலிக்குத் தனியாக மருந்து எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா விட்டீங்க?" என்றார். தூக்கத்தை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்துத் தூங்கினார். அவ்வளவுதான் கிடைத்தது. அறுவடையிலேயே சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் வலி மருந்தை எந்தெந்த வேளைக்குக் கொடுப்பது என்று இன்னொரு தடவை சொன்னார்.

அறுவடை நிறுத்தத்தின்போது போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவோடு அடைபட்டுக் கிடந்த சாமிதுரை இப்போது பூதலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அப்பா உடம்பை விசாரிக்க அந்த மகள் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, தன் அப்பாவும் இளைத்துக்கொண்டே போகிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நோயே இல்லை என்கிறார் என்றாள். அதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பூதலூர் போகணும்."

"போன் போட்டுத் தரேன், பேசு."

"போன்ல சொன்னா சிரிப்பான். நேர்ல ஒக்காந்து, டேய், டாக்டர் வேற ஆளுடா, அவன்கிட்ட சொல்லலாம்டான்னு சொல்லணும்."

"அப்ப நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ சொன்னா கேக்க மாட்டான். அடி வாங்கினவன் சொல்லணும்."

கார் வைக்கிறேன் என்றேன். ரயிலில்தான் போவேன் என்றார். ரயிலில் போகிற உடம்பா என்று கத்தினேன். வாந்தி நிற்கட்டும் என்றார். பிறகு, நடவு முடியட்டும் என்றார்.

நடவு முடிவதற்குள் அப்பா போய்விட்டார். சாமிதுரையிடம் சொல்ல வேண்டியது அப்படியே இருக்கிறது.