சித்தப்பா வாசித்த சொல்

சின்னத்தம்பியைத் தோட்டத்தில் எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். விஜயகலாவுக்கு மட்டும் அவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. கொடகவெலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிங்களம் பேசத் தெரியாதவர் யாருமில்லை. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொலிஸ் கடிதமோ ஆஸ்பத்திரித் துண்டோ எது வந்தாலும் சித்தப்பாவின் வாசலுக்குத்தான் போகும். அவர் கண்ணாடியை மாட்டி, ஒருமுறை செருமிவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வார். பிறகு அதில் மறுபேச்சு இல்லை.

விஜயகலாவுக்கு முப்பத்தெட்டு வயது. கட்டிக்கொடுத்த இடம் சரிவராமல் திரும்பி வந்து, அப்பா செல்லமுத்துவோடு ஒரே லயத்துக் காம்பராவில் இருந்தாள். வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்துக்குப் போன பிறகு அவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை வலிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

அப்பாவுக்கு வாயில் புற்று வந்தது. வெட்டினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் பிடித்தார்கள். கடைசியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கில் டியூபோடு அப்பா வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு நர்ஸ் விஜயகலாவின் கையில் சிங்களத்தில் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுத்து, புதன்கிழமை வாருங்கள் என்றாள். வேறு என்னவோவும் சொன்னாள். அவசரத்தில் பாதிதான் விளங்கியது. துண்டு சித்தப்பாவிடம் போனது.

"சஹன சத்கார," என்று அவர் வாசித்தார். முகம் சுண்டிப்போனது. "சஹனன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு? வெள்ளம் வந்தப்ப பஸ்ல கொண்டாந்து அரிசியும் பருப்பும் குடுத்தாங்களே, அதான் சஹன. நாதியத்ததுகளுக்குப் போடுறது."

"நர்ஸ் ஏதோ வலிக்குன்னு சொன்ன மாதிரி இருந்திச்சு, சித்தப்பா."

"நீ வாசிச்சியா, நான் வாசிச்சனா? எங்கண்ணன் நிவாரணத்துலயா சாகணும்? நான் உசிரோட இருக்கையில?"

அடுத்த நாளே டவுனில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தார். டைல்ஸ் போட்ட தரை, ஏசி அறை, வாசலில் பூச்சட்டி. பார்க்க நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் விடுவார்கள். வலிக்கு அங்கே வெறும் பனடோல் மாத்திரையைக் கரைத்து டியூபில் விட்டார்கள். அப்பாவால் பேச முடியாது. துவாயின் நுனியை உள்ளங்கையில் சுருட்டி வைத்து நெரிப்பார். அந்த ஒரு மணி நேரமும் விஜயகலா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோராவது நாள் அவர் தனியே கண்ணை மூடினார். இல்லத்துக்காரர்கள் சித்தப்பாவுக்குத்தான் தகவல் சொன்னார்கள்.

சாவு வீட்டில் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "ஒரு கொறையும் வைக்கல. ஏசி ரூம்புல ராசா மாதிரி போனாரு எங்கண்ணன்." வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். விஜயகலாவும் அன்றைக்கு அதை நம்பத்தான் பார்த்தாள்.

எட்டு மாதம் கழித்து, சுடுதண்ணி கொட்டி வெந்த பிள்ளையொன்றைத் தாயோடு கூட்டிக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனபோது, ஆஸ்பத்திரி நடையில் ஒரு பலகையைக் கண்டாள். துண்டில் பார்த்த அதே வளைந்த எழுத்துகள். கீழே தமிழிலும் எழுதியிருந்தது: வலி தணிக்கும் பராமரிப்பு. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

உள்ளே இருந்த நர்ஸ், ஸாஹிரா மிஸ்ஸி, தமிழ் பேசினாள். அப்பாவுக்குக் கிடைத்த துண்டைப் பற்றி விஜயகலா சொன்னாள். "சஹன எண்டா ஆறுதல், நோவைக் கொறைக்கிறது. வெள்ளத்துக்குக் குடுக்கிறதுக்கும் அந்தப் பேர்தான். இது வேற. மோபின் எண்டு கடும் நோவுக்குக் குடுக்கிற குளிசை ஈக்கி. முழுங்க ஏலாட்டித் தூளாக்கி டியூபால குடுப்பம். நாங்க வீட்டுக்கு வருவம். மக பக்கத்துலயே இருக்கலாம், எப்பிடிப் பெரட்டுற, வாயை எப்பிடித் தொடைக்கிற எல்லாம் சொல்லித் தருவம்."

"மருந்து கேக்குமா, மிஸ்ஸி? வாய்ப் புத்துக்கு?"

"அநேகமான ஆக்களுக்குக் கேக்கும். எனத்துக்கு நீங்க வரல்ல?"

விஜயகலா வெளியே வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து சித்தப்பாவோடு பேச்சை விட்டாள். அவர் வீட்டுக்கு வந்தால் பாயை விரிக்கமாட்டாள், தேத்தண்ணி ஊற்றமாட்டாள். "என்னா புள்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டால், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொல்லிவிட்டால் அவர் பேசியே ஜெயித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கூட்டம் கூட்டி, கண்ணாடியை மாட்டி, சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் கண்டுபிடிப்பார். ஆகவே அவள் காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் வருடம் சித்தப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தெரியவரும்போதே ஈரல் வரை போயிருந்தது. சித்தி முன்னமே போய்விட்டாள். ஒரே மகன் இந்திரகுமார் கட்டாரில். அங்கிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, லீவு கெடைக்கல. நீங்கதான் ஒரு எடம் பாத்துச் சொல்லணும். பெரியப்பா இருந்த எடத்துலயே போடச் சொல்றாரு அப்பா. போட்டுருவமா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அவள் ருசி பார்த்தாள். "ரெண்டு நாள் குடு, தம்பி. போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனாள். பூச்சட்டிகள் அங்கேயே இருந்தன. பொறுப்பாக இருந்த பெண்ணிடம், ஸாஹிரா மிஸ்ஸி சொன்னதிலிருந்து தானே யோசித்து வைத்திருந்த கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டாள். டாக்டர் எப்போது வருவார்? கூப்பிட்டால் வருவார். ராவில் வலி கூடினால் யார் பார்ப்பது? ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் நர்ஸா? இல்லை, வேலை பழகியவள். மோபின் வைத்திருக்கிறீர்களா? அந்த மாதிரி மருந்தெல்லாம் இங்கே இல்லை. சொந்தக்காரர் கூட இருக்கலாமா? நாலிலிருந்து ஐந்து.

ஒவ்வொரு இல்லைக்கும் விஜயகலாவின் வயிறு குளிர்ந்தது. இடம் பிடித்திருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டபோது, மிகவும் பிடித்திருக்கிறது என்று மனதாரச் சொன்னாள். திங்கட்கிழமை கட்டில் காலியாகும் என்றார்கள்.

கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் யோசனை வந்தது. இங்கே கிடந்து சித்தப்பா துடிப்பார். சரி. துடிக்கும்போது என்ன நினைப்பார்? சாவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பார். அண்ணனும் இப்படித்தான் போனார், ஏசி ரூமில் ராசா மாதிரிப் போனார், நானும் போகிறேன் என்று நினைப்பார். தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே கண்ணை மூடுவார். இதைவிடப் பெரிய மன்னிப்பு அவருக்கு யாராலும் கொடுக்க முடியாது.

அவள் கொடகவெலை பஸ்ஸை விட்டுவிட்டு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினாள்.

சித்தப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று இந்திரகுமாரிடம் சொன்னாள். அடுத்த வாரம் ஸாஹிரா மிஸ்ஸி தோட்டத்துக்கே வந்தாள். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கிடந்தார். மிஸ்ஸி நோவு எவ்வளவு, எங்கே என்று நிதானமாகக் கேட்டு எழுதினாள். எத்தனை மணிக்கு எத்தனை குளிசை, மலச்சிக்கலுக்கு எது, கூடினால் எந்த நம்பருக்கு அடிப்பது என்று விஜயகலாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் குளிசையை அங்கேயே கொடுத்தார்கள்.

ஒரு மணி நேரம் போனது. சித்தப்பாவின் முழங்கால் மெல்ல நீண்டது. நெற்றிச் சுருக்கம் விட்டது. அவர் கூரைத் தகரத்தைப் பார்த்து மூச்சுவிட்டார். பல வாரத்துக்குப் பிறகு முழுதாக விட்ட மூச்சு.

"நல்ல மருந்து, புள்ள. இது எங்க குடுக்குறாங்க?"

"ஆஸ்பத்திரியிலதான். சஹன சத்காரன்னு சொல்லுவாங்க, சித்தப்பா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாசித்த வாய் அல்லவா, மறக்காது. ஐந்தாம் நாள்தான் கேட்டார்.

"அண்ணனுக்கும் இதத்தான் குடுக்க இருந்தாங்களா?"

"ஆமா."

"அவருக்கு முத்திப்போயிருந்திச்சுல்ல. அதுக்கு மேல இது கேட்டிருக்காது. என்னா புள்ள, கேட்டிருக்காதுதான?"

அவருடைய கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நின்ற எத்தனையோ பேர் அவர் வாயை அப்படித்தான் பார்த்திருப்பார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்வார்.

"கேட்டிருக்கும், சித்தப்பா. மிஸ்ஸிகிட்ட கேட்டுட்டேன். அந்தப் புதன்கிழமையே கேட்டிருக்கும்."

அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது நாள் இருந்தார். அடுத்த வேளைக்குக் குளிசையை நீட்டியபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வேணாம். நானும் அனுபவிச்சிட்டுப் போறேன்."

"அதெல்லாம் முடியாது," என்றாள் விஜயகலா. "வலியோட போனா கணக்குத் தீந்துபோச்சுன்னு நெனப்பீங்க. வாயத் தொறங்க."

அவர் அழுதுகொண்டே வாயைத் திறந்தார். ஒரு வேளைகூட அவள் தவறவிடவில்லை. ஐந்து நிமிடம் பிந்தியதும் இல்லை. வலியில்லாமல், தெளிந்த புத்தியோடு, அவர் பத்தொன்பது நாளும் அண்ணனை நினைத்துக்கொண்டு கிடந்தார்.

பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். விஜயகலா அதைக் காதில் வாங்கிக்கொண்டே மிச்சமிருந்த குளிசைகளை எண்ணிக் கட்டி வைத்தாள்.