பாதி வாறுகால்

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணியவன் நான். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது கைக்குப் பழகிவிட்டது. ஓய்வு பெற்றபின் மூட்டை இல்லாததால் தெருவை எண்ண ஆரம்பித்தேன். வீடுகள் முப்பத்தொன்று. விளக்குக் கம்பங்கள் எட்டு, அதில் எரிவது ஐந்து. மேலே மெயின் ரோட்டிலிருந்து கீழே ஓடை வரைக்கும் என் நடையில் நூற்று எண்பத்தாறு எட்டு வைக்க வேண்டும். முழங்கால் வலிக்கிற நாளில் இருநூற்றுப் பத்து.

கழிவுநீர் ஓட வாறுகால் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் வீட்டு அழுக்குத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தெருவிலேயே ஓடும். ஓடி, ஓடைக்குப் போகுமுன் கடைசி வீட்டுக்குள் நுழையும். அது மீன் விற்கும் அம்மாவின் வீடு. சாலையை இரண்டு முறை உயர்த்திச் சிமெண்ட் போட்டதில் அவர் வீடு மூன்று படி கீழே போய்விட்டது. மழை என்றால் அரிசி டப்பாவைக் கட்டில்மேல் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

தெரு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது குடியிருப்போர் சார்பில் ஐந்து பேர் கூட்டத்தில் உட்காரலாம் என்றார்கள். அந்த ஐவரில் நானும் உண்டு, மீன்கார அம்மாவும் உண்டு. முதல் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு உளுந்த வடை, ஒரு டீ. தெருவின் இரண்டு பக்கமும் வாறுகால் என்று முடிவானது. அப்புறம் நிதியைக் குறைத்துவிட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் வடை இல்லை, மூன்றாவதில் டீ இல்லை, நான்காவதற்கு மண்டபமே இல்லை. கடைசியில் ஐந்து பிரதிநிதிகள் வேண்டாம், ஒருவர் போதும் என்று கடிதம் வந்தது.

யார் அந்த ஒருவர் என்று தெருவில் பேச்சு வந்ததும் மீன்கார அம்மாதான் முடித்துவைத்தார்.

"ஒரு ஆளுதான்னா அண்ணாச்சியே இருக்கட்டும். அவுகளுக்குத்தான் வேற சோலி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா இல்லையா என்று இரண்டு முறை அட்டையை எண்ணிப் பார்த்தேன்.

மறுவாரம் எஞ்சினியர் போன் செய்தார். "சார், பாதி வாறுகாலுக்குத்தான் நிதி இருக்கு. மேல்பாதியா கீழ்பாதியான்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

எண்ணிப் பார்த்தேன். மேல்பாதியில் பத்தொன்பது வீடு, கீழ்பாதியில் பன்னிரண்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேல்பாதி என்று எழுதினேன். என் வீடும் மேல்பாதிதான். அதற்காக எழுதவில்லை என்று சத்தியம் செய்வேன், ஆனால் கொஞ்சம் மெல்லிய குரலில். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தேன். மீன்கார அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, கடிதத்தை வரி விடாமல் படித்தார்.

"மேல்பாதின்னா, அது எங்கன போயி முடியும்?"

"தெரு நடுவுல."

"அங்கன முடிஞ்ச தண்ணி பொறவு எங்கன போகும்?"

நான் மூன்று படிகளையும் பார்த்தேன்.

"வீட்ட எண்ணியிருக்கிய அண்ணாச்சி, தண்ணிய எண்ணலியே."

"தண்ணிய எப்படிம்மா எண்ணுதது?"

"நாளைக்கு எஞ்சினியர வரச் சொல்லுங்க. காட்டுதேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு எஞ்சினியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயது. மண்டபம் இல்லாத கூட்டம் என்பதால் அவரவர் வீட்டு நாற்காலியோடு ஜனங்கள் வந்திருந்தார்கள். பதினான்கு நாற்காலி, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மீன்கார அம்மா ஏலக்கூடத்திலிருந்து ஆட்டோவில் வந்து மேல்முனையிலேயே இறங்கினார். தெர்மாகோல் பெட்டியை நடுத்தெருவில் வைத்தார்.

"சார், காலத் தூக்குங்க. ஷூ நாறும்."

பெட்டியைச் சாய்த்தார். ஐஸ் உருகிய தண்ணீர் மீன் செதிலோடு சிமெண்டில் விழுந்து, நேரே கிழக்கு ஓரத்துக்குப் போய், அந்த ஓரமாகவே கீழே ஓடியது. என் கணக்கில் முப்பது எட்டு ஓடி நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா? ஓடைக்குப் போக பஸ்ஸு வரணுமோ?" என்று மேல்முனை வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

"பஸ்ஸு வேண்டாம். ஒம்ம வீட்டுலருந்து ஒரு வாளி வந்தாப் போதும்," என்றார் மீன்கார அம்மா.

கிண்டலடித்தவரின் மனைவியே உள்ளே போய் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினார். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது. எனக்குப் பதறிவிட்டது. "நல்ல தண்ணியத் தொடாதீங்க! போர் தண்ணி, உப்புத் தண்ணி மட்டும்!" என்று கத்திக்கொண்டே கோடு போட்டேன். இருபத்து மூன்று வாளி. செதில்கள் வெயிலில் மினுங்கியபடி கிழக்கு ஓரமாகவே போயின. நாங்களும் கூடவே போனோம். மேற்கு ஓரத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. கடைசியில் தண்ணீர் மூன்று படி இறங்கி மீன்கார அம்மாவின் வாசலில் தேங்கியது.

"பாத்தியளா, செதிலு கூட வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சு வந்துட்டு," என்றார் அவர்.

எஞ்சினியர் வரைபடத்தை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ மேற்குப் பக்கம் எதுக்கு சார் போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"தம்பி, வரைஞ்சது நீங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பாதி என்றால் பாதி நீளம் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். கிழக்குப் பக்கம் மட்டும், மேலிருந்து ஓடை வரை போட்டாலும் அதே பாதிதான். எஞ்சினியரும் வரைபடத்தில் அப்படியே திருத்திக்கொண்டார். என் வீடு மேற்குப் பக்கம். என் கேட்டுக்கு முன்னால் வரவேண்டிய வாறுகாலும் அதன்மேல் போடும் பலகைக்கல்லும் அந்த நிமிடமே போயின. வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் என் கடிதத்தை நானே நான்காகக் கிழித்தேன்.

அப்படியே இன்னொன்றும் கேட்டேன். ஒரே நாற்காலி என்றால் இருக்கட்டும், அதில் பழைய ஐந்து பேரும் முறைவைத்து உட்காரலாமா? செலவில்லாத யோசனை என்பதாலோ என்னவோ, அலுவலகம் உடனே ஒப்புக்கொண்டது. முதல் முறை மீன்கார அம்மாவுக்கு. அவர் இப்போது விளக்குக் கம்பங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பட்டியல் நான் கொடுத்ததுதான்.

மழைக்கு முன்னால் வாறுகால் முடிந்தது. முதல் பெருமழை ஒரு மத்தியானம் பிடித்து இரண்டு மணி நேரம் கொட்டியது. மனசு கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, வழுக்கிவிடுமோ என்று பயந்து பயந்து, குட்டிக் குட்டியாக இருநூற்றுப் பதினெட்டு எட்டு வைத்துக் கடைசி வீட்டுக்குப் போனேன். மூன்று படியும் தெரிந்தது. வாறுகாலில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனது.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பயந்துபோய் இன்னும் ஆறு முறை தட்டினேன். மீன்கார அம்மா கலைந்த தலையோடு கதவைத் திறந்தார். உள்ளே அரிசி டப்பா தரையில் இருந்தது. பாயும் தரையில்தான்.

"என்ன அண்ணாச்சி?"

"தண்ணி வரலம்மா."

"வரலன்னு சொல்லவா எழுப்புனிய?"

கதவைச் சாத்திவிட்டார். திரும்பும்போது எட்டுகளை எண்ண மறந்துவிட்டேன்.