காரின் மேல் எனக்கு வந்த பொறாமை

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து ஊரான கூலாயில் என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். அந்தக் காரை அவர் துடைப்பதையும் தட்டிக்கொடுப்பதையும் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் புடவையை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. காரின் மினுமினுப்பை மட்டும் ஊரெல்லாம் சொல்லுவார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை எங்கள் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், கார் கிளம்பவில்லை. காரைக் கையால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியையோ முந்தின நாள்தான் இன்னொரு காரோட்டிக்கு இரவல் கொடுத்திருந்தார்.

“காரை அப்படிக் கொஞ்சினீங்களே, இப்பப் பாருங்க!” என்று குழந்தையை அணைத்தபடி கத்தினேன்.

“அப்புறம் திட்டு. முன்னால நின்னு விளக்கைப் பாரு,” என்றார்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் ஸ்டார்ட்டரைக் காலால் அழுத்தியதும் அடியோடு அணைந்தது; காலை எடுத்ததும் மறுபடி எரிந்தது. அதை அப்படியே சொன்னேன்.

“அப்ப பாட்டரி சாகல. கம்பி சேர்ற இடத்துலதான் கோளாறு.”

பாட்டரிக்கு மேலிருந்த காரின் அடிப்பலகையைத் தூக்கினார். பாட்டரி முனையில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. அதைச் சுரண்டிக் கம்பியை இறுக்கியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மகள் பிழைத்துக்கொண்டாள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவர் காரைத் துடைக்கப் போய்விட்டார்!

இப்போது வாரந்தோறும் நானே பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுகிறேன். “உனக்கும் அது மேல பாசம் வந்துடுச்சு,” என்று சிரிக்கிறார். பாசமாவது! அவர் கை அதன் மேல் படுகிற நேரம் அந்த அளவுக்காவது குறையட்டும்.