மூன்று அடிக்கு மூன்று பணிஸ்

மகளுக்கு அப்போது ஐந்து வயது. புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அவளுடைய பாலர் பள்ளி. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அங்கே கார்னிவல் வைப்பார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வருவார்கள். அவளைப் பூனையாக்கி அனுப்பியிருந்தேன். பின்னேரம் கூட்டிவரப் போனபோது, நான் கண்மையால் கீறிவிட்ட மீசை கன்னமெல்லாம் பரவிக்கிடந்தது. கையில் ஒரு கட்டுக் குச்சி. இலையில்லாத பேர்ச் மரக் கிளைகளைச் சேர்த்துக் கட்டி, நுனிகளில் மஞ்சளும் சிவப்புமாய்ச் சாயமிட்ட இறகுகளைச் செருகியிருந்தார்கள்.

அதற்குப் பெயர் ரீஸ் என்று ஆசிரியை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஃபாஸ்டலாவ்ன், தவக்காலத்துக்கு முந்தின திருநாள். அன்று காலையில் முதலில் எழும்புகிறவர், படுத்துக்கிடக்கிறவர்களுக்கு அந்த ரீஸால் அடிக்கலாம். அடி வாங்கினவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொல்லெ கொடுக்க வேண்டும். பொல்லெ என்றால் நடுவில் கிறீமும் ஜாமும் வைத்த பன், எங்கள் ஊர்ப் பணிஸ் மாதிரி. கேட்டுச் சிரித்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மாமனார் எங்களோடு வந்து தங்கினார். மாமி தவறிய பிறகு தீவுப் பகுதியிலிருந்து வந்தவர். ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவரும் அவரிடம்தான் படித்தார். "வீட்டிலை அப்பா, பள்ளிக்கூடத்திலை சேர். பிரம்பு ரெண்டு இடத்திலையும் ஒண்டுதான்" என்று கல்யாணமான புதிதில் கணவர் ஒரு தரம் சொன்னார். அதற்குமேல் அவர் அதைக் கதைத்ததில்லை. என் கணவர் இங்கே பஸ் ஓட்டுகிறவர். மேசையில் அப்பாவும் மகனும் கதைப்பதெல்லாம் பனியையும் பஸ்ஸையும் பற்றித்தான்.

ஞாயிறு காலையில் மகள் எங்கள் போர்வைமேல் ஏறி ஆளுக்கு இரண்டு போட்டாள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் ஓடிவிட்டாள். மாமா முன்னறையில் படுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழும்புவதற்குள் சத்தம் கேட்டது.

"ஆரது!"

போய்ப் பார்த்தால் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமயிரில் ஒரு மஞ்சள் இறகு. முன்னால் மகள் ரீஸை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

"மூண்டு அடி அப்பப்பா. மூண்டு பொல்லெ தாங்கோ!"

"பொல்லோ? அடிச்சது காணாதெண்டு பொல்லும் கேக்குதோ இந்தப் பிள்ளை?"

பொல்லெ அவர் காதில் தடியாக விழுந்ததில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பெரியவருக்குத் தடி ஓங்குவது அவருக்கு எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும். தடுமாறித் தடுமாறி விளக்கினேன். அவர் முகம் கழுவி, தேத்தண்ணியோடு மேசைக்கு வந்தார். பாதி குடித்த பிறகு கேட்டார்.

"பிள்ளை, இஞ்சை அடி வாங்கினவனோ அடிச்சவனுக்குப் பணிஸ் குடுக்கிறது?"

"ஓம் மாமா."

"அப்ப ஊர்ப் பெடியள் எனக்கு எத்தினை ஆயிரம் பணிஸ் தரவேணும்!"

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகளும் விளங்காமலே சேர்ந்து சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு பல்கணிப் பக்கம் போய் நின்றார்.

மாமா பேத்தியைக் கூட்டிக்கொண்டு, சறுக்கும் பாதையில் மெல்ல நடந்து பெற்றோல் நிலையத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் அது ஒன்றுதான் திறந்திருக்கும். திரும்பி வரும்போது இருவருக்கும் மூக்கில் சீனித் தூள். மகள் பணிஸ் பெட்டியைத் திறக்கும் அவசரத்தில் இருந்தாள். மாமா குசினிக்குள் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அவன் சிரிக்கேல்லை, என்ன?"

நான் குழாயைத் திறந்தேன். தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்க, தேவாலயத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த மாமா, ஈஸ்டர் வரைக்கும் இனிப்புப் பக்கமே போகவில்லை.

அடுத்த வருஷம் ஃபாஸ்டலாவ்ன் ஞாயிறன்று, விடியமுன்னம் எங்கள் கதவை யாரோ தட்டினார்கள்.

"பிள்ளை, வரலாமோ?"

திறந்தால் மாமா. சாரமும் கம்பளிச் சட்டையுமாய், கையில் மகளுடைய புது ரீஸ். அவளுக்கு ஏற்கெனவே அடித்துவிட்டு வந்திருந்தார், அடுத்த அறையில் அவள், "நான்தான் முதல் எழும்ப வேணும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு தட்டுத் தட்டி, "மருமகளுக்கு ஒண்டு காணும்" என்றார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். இவர் தலை வரைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை இல்லை, எனக்குத் தெரியும்.

மாமா உடனே அடிக்கவில்லை. பிறகு போர்வைமேல் மூன்று தரம், தூசி தட்டுவதுபோல.

"அப்பா, இதுக்குப் பேர் அடியோ?" போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உனக்கு ஊரிலை அடிச்சதே காணும், தம்பி."

இவர் போர்வையை விலக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கக் கூடாதுபோல் இருந்தது. "பணிஸ் வாங்க வேணும்" என்று சொல்லி இவர் எழும்பி, பைஜாமாவுக்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் தானே போய் வாங்கிவந்தார். அப்பாவின் தட்டில் மூன்றையும் வைத்தார். அன்று காலையில்தான் நான் இவருடைய பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டேன்: கணக்குப் பாடத்தில் தூங்கினது, கிணற்றடியில் ஒளிந்தது, பிரம்பை எடுத்துக் கடலில் எறிந்தது.

"அது நீயோ?" என்றார் மாமா.

"பின்னை ஆர்?"

மாமாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை நின்ற சமாதான காலம், ஊருக்குப் போகும் பாதையும் திறந்திருந்தது. அந்த வசந்தத்தில் மாமா ஊருக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷம் அதே ஞாயிறு, நாங்கள் கண் விழிக்கமுன்னமே டெலிபோன் அடித்தது. நேர வித்தியாசம் அவர் பக்கம்.

"நான்தான் முதல் எழும்பினனான்! எல்லாருக்கும் மூண்டு மூண்டு!"

மகள் ரிசீவரைப் பறித்துச் சண்டை பிடித்தாள். பிறகு இவர் வாங்கினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் கதைத்தார். பனியைப் பற்றி இல்லை, பஸ்ஸைப் பற்றியும் இல்லை. அந்தப் பக்கம் மாமா, டெலிபோன் காட் முடியப் போகுது, வைக்கப்போறன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வையுங்கோ அப்பா, நான் திருப்பி எடுக்கிறன்" என்றார் இவர்.