ஒன்றரை மதிப்பெண்

டெல்மர் கிரீக்பாமுக்கு அந்த வருஷம் தேவைப்பட்டது ஒன்றரை மதிப்பெண்தான்.

முந்தைய ஜூலையில், அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் நடந்த பழைய கார் கண்காட்சியில், அவருடைய 1956 பேக்கார்ட் கரீபியன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரை வாங்கியிருந்தது. வெள்ளை, வெளிர் ஊதா, சாம்பல் என்று மூன்று நிறம் பூசிய, மேல்மூடி திறக்கிற பெரிய கார். டெட்ராய்ட்டில் அந்த மாதிரி முந்நூறுகூடச் செய்யவில்லை. நடுவர்கள் மூன்று பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குச்சியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்து, கடைசியில் எழுதிய குறை ஒன்றே ஒன்று. டயர். அவை இப்போது வார்த்த நகல் டயர்கள். பக்கவாட்டில் ஓடும் வெள்ளைப் பட்டை கால் அங்குலம் குறுகல். அதற்குப் போயிற்று ஒன்றரை.

ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க டெல்மர் அந்தக் கால் அங்குலத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவர் மனைவி லவான், மடியில் சாண்ட்விச் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"கால் அங்குலத்துக்கு இவ்வளவு துக்கமா? நான் இருபது வருஷத்துல எட்டு அங்குலம் பெருத்திருக்கேன். எனக்கு எவ்வளவு குறைப்பாங்க?"

டெல்மர் சிரித்தார். ஆனால் மனசு டயரிலேயே இருந்தது.

அவருக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. அப்பா பன்றி வளர்த்தவர். வீட்டுக்கு வந்த கார்கள் எல்லாமே வேறு யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்தவை. பள்ளி முடித்த மறுவாரமே சாண்டஸ்கியில் பேரிங் தொழிற்சாலையில் சேர்ந்தார். இடையில் ராணுவத்துக்குப் போய்வந்த இரண்டு வருஷம் தவிர, கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் தூக்கி எறிகிற வேலை அது. தொழிற்சாலையை மூடியபோது அந்தக் கண்ணும் கையும் அவரிடம் மிச்சமிருந்தன. அவற்றுக்கு வேறு வேலை இல்லை, இந்தக் காரைத் தவிர.

அதை 1979-இல் ஒரு டாக்டரின் விதவையிடம் வாங்கினார். களஞ்சியத்தில் கிடந்தது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. லவான் அன்றைக்கு எட்டு முட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு இருபத்து நான்கு வருஷம், சனி ஞாயிறு தோறும், டெல்மர் அதைக் கழற்றி மாட்டினார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த லவான், சாயங்காலம் வந்து பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் திருகுகளைக் கழுவிக் கொடுப்பாள். அவர்கள் மகள் கார்லா, 'எங்க வீட்டுல ரெண்டு பிள்ளை, அதுல செல்லம் அந்தப் பேக்கார்டுதான்' என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தாள்.

அந்த வண்டியில் ஒரு வித்தை உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்தால் பாரத்தில் கொஞ்சம் தாழும். ஏழெட்டு விநாடி கழித்து, அடியில் ஒரு மோட்டார் முனகி, வண்டியைத் தானே பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடும். லவான் ஏறினால் முனகல் சற்று நீளும்.

"என்னை எடை போட்டு ஊருக்கே சொல்லுது பாரு," என்பாள்.

அடுத்த மார்ச் மாதம் டயர் கிடைத்தது. பென்சில்வேனியாவில் ஒரு பழைய கடையின் மாடியில், பழுப்புத் தாள் சுற்றியபடி நான்கு. 1956-இல் வந்த சரக்கு. விற்காமலே கிடந்திருக்கிறது. டெல்மர் அவற்றைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து தாளைப் பிரித்தபோது, நண்பர் மெர்ல் கூட இருந்தார். மெர்லிடம் ஒரு ஸ்டூடிபேக்கர் இருந்தது. சாதாரண வண்டி, அதில்தான் அவர் கடைக்கே போவார்.

"அம்பத்தஞ்சு வயசு ரப்பர்டா டெல். உன் கல்யாணத்தவிடப் பன்னெண்டு வருஷம் மூப்பு."

"என் கல்யாணம் நல்லாத்தான் ஓடுது."

"அதுல யாரும் காத்து அடிச்சு நாப்பத்தஞ்சு மைல் வேகத்துல ஓட்டலியே."

"ஓட்டப்போறது யாரு? டிரெய்லர்ல ஏத்தி, மைதானத்துல இறக்கி, திரும்ப ஏத்திடுவேன்."

"அப்படின்னா சரி," என்றார் மெர்ல். "காட்டு. ஓட்டாத."

டெல்மர் காற்றடித்து இரண்டு வாரம் விட்டுவைத்தார். காற்று இறங்கவில்லை. விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஒன்றில் மட்டும், பள்ளத்துக்குள், முடியளவு கீறல்கள் இருந்தன. கறுப்பு மெழுகைத் தேய்த்ததும் மறைந்தன. அதை இடப்பக்கம் பின்னால் மாட்டினார். முன்னால் போடுவதைவிட அது பத்திரம் என்று நினைத்தார். இந்தக் கீறலை மெர்லிடம்கூடச் சொல்லவில்லை.

கண்காட்சியை நடத்தும் பழைய கார் சங்கத்தின் மே மாதக் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். கண்காட்சி வண்டிகள் எல்லாம் பொம்மை ஆகிவிட்டன, டிரெய்லரில் வந்து டிரெய்லரில் போகின்றன, ஊர் சிரிக்கிறது என்றார். அதனால் புது விதி: முதல் கோப்பை வேண்டும் என்பவர், மறுநாள் ஏரிக்கரைச் சாலையில் முப்பது மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவர் பார்த்த நிலையிலேயே. ஒரு திருகை மாற்றினாலும் கோப்பை கிடையாது.

டிரெய்லர்க்காரர்களை அதிகம் கேலி செய்தவரே டெல்மர்தான். சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறவர்களை 'சோபாக்காரங்க' என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். இப்போது எல்லோரும் கை தூக்கினார்கள். சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவரும் தூக்கினார்.

வெளியே வந்ததும் மெர்ல் கையைப் பிடித்தார்.

"அந்த டயரக் கழட்டிடு."

"முப்பது மைலு. நாப்பதத் தாண்ட மாட்டேன். தாங்கும்."

"தாங்காட்டி?"

"உனக்கு ஸ்டூடிபேக்கர் ஓட்டி ஓட்டி தைரியமே போயிடுச்சு," என்றார் டெல்மர். மெர்ல் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் கண்காட்சிக்கு வந்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். வரிசையில் மூன்றாவதாகப் பேக்கார்ட் நின்றது. நடுவர் சுற்றும்போது உரிமையாளர் தள்ளி நிற்க வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும். டெல்மர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விளக்குப் போடச் சொன்னார்கள், போட்டார். மேல்மூடியை இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். சீட்டு மெத்தையைப் புரட்டிக் காட்டச் சொன்னார்கள். அந்த வண்டியில் மெத்தைக்கு ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பூவேலைத் துணி. இரண்டிலும் குறையில்லை. சீட்டைத் தூக்கித் தரையைப் பார்த்தார்கள். பழைய சொந்தக்காரரான டாக்டர் இடுப்புப் பட்டை பொருத்தத் துளைத்திருந்த இடம் தெரியவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டியில் பட்டை இல்லை என்பதால் டெல்மர் அவற்றைக் கழற்றி, துளைகளை உலோகத்தால் அடைத்து, வண்ணம் பூசியிருந்தார்.

தலைமை நடுவர் முடியை ஒட்ட வெட்டிய ஒரு வயதான அம்மாள். டயர் பக்கத்தில் மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார்.

"இதை எங்க கண்டுபிடிச்சீங்க, மிஸ்டர் கிரீக்பாம்?"

"ஒரு கடை மாடியில, மேடம்."

"நான் படத்துலதான் பார்த்திருக்கேன்." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "நாளைக்கு இதுலதான் ஓடணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்க விருப்பம்," என்றார் அந்த அம்மாள். எழுதினார். நூறு.

ஞாயிறு காலை ஒன்பது வண்டிகள் புறப்படத் தயாராயின. லவானுக்கு இடுப்பு வலி. மெர்லின் வண்டியில் சீட்டு தாழ்வு, ஏறி இறங்கச் சுலபம்.

"நீ என்கூட வந்துடு லவான்," என்றார் மெர்ல். "இவன் வேகத்துக்கு மத்தியானச் சாப்பாடே கிடைக்காது."

"அவ இல்லாம நான் அந்த வண்டிய ஓட்டினா, பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்றார் டெல்மர். "இருபத்து நாலு வருஷம் திருகு கழுவினவ. இன்னிக்கு அவ பக்கத்துல இருக்கணும்."

லவானுக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"இந்த டயர் பழசுன்னு மெர்ல் ஏதோ சொன்னானே?"

மெர்ல் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் வண்டிக் கதவைத் திறந்தார்.

"ஒரு நாளும் ரோட்டைப் பார்க்காத டயர் லவான். புதுசுதான்."

மெர்ல் வாயைத் திறக்கவில்லை. லவான் ஏறி உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை தோளுக்குப் பின்னால் பட்டையைத் தேடிப் போயிற்று. ஒன்றும் இல்லாததால் மடிக்குத் திரும்பி வந்தது.

இருபத்திரண்டு மைல் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. லவான் தலையில் துணி கட்டிக்கொண்டு, திராட்சைத் தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கையசைத்தாள். முன்னால் போன வண்டிகள் தூரமாகிவிட்டன. அவர்களைப் பிடிக்க டெல்மர் ஐம்பதைத் தொட்டார். தார்ச்சாலை கொதித்தது.

வெடித்தது பின்சக்கரம் இல்லை. வலப்பக்க முன்சக்கரம். எந்தக் கீறலும் இல்லாத டயர். துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். ரப்பர் ஆரஞ்சுத் தோல்போல உரிந்து பறந்தது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. டெல்மர் இறுகப் பிடித்தும் ஸ்டீயரிங் கையை உதறிவிட்டது. சாலையோர ஓடைமேல் ஒரு சின்ன மதகு இருந்தது. அதன் சிமெண்டுச் சுவரில் மோதியது லவான் இருந்த பக்கம்.

நான்காம் நாள் மருத்துவமனையில் லவான் இறந்தாள். நடுவில் ஒருமுறை கண் விழித்து, "வண்டி?" என்று கேட்டாள். டெல்மர், "ஒண்ணும் ஆகல," என்றார்.

ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர், உடைந்த விலா எலும்புகளோடு படுத்திருந்த டெல்மரிடம் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "டயர் வெடிக்கிறது யாருக்கும் நடக்கலாம் சார். உங்கமேல தப்பில்ல," என்றார்.

அடக்கம் முடிந்து, மாதாகோயில் கூடத்தில் ஆட்கள் பன்றித் தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் தின்று முடித்துப் போனபிறகு, கார்லா வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மெர்ல் எங்கிட்ட எல்லாம் சொன்னாரு. அழுதாரு. நிஜமாப்பா?"

"நிஜம்."

"எவ்வளவு பழசு?"

"அம்பத்தஞ்சு வருஷம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டா. புதுசுன்னு சொன்னேன்."

கார்லா நின்றுகொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று டெல்மர் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். அவள் சமையலறைக்குப் போய், அம்மாவின் சமையல் குறிப்பு டப்பாவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் சின்ன வயசுல நீ எனக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தப்ப, பிரேக்க மூணு தடவ சோதிச்ச. ஞாபகம் இருக்கா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. அன்றிலிருந்து வரவில்லை.

டெல்மர் மறுநாளே ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். டயரின் வயதை, மெழுகு பூசியதை, புதுசு என்று சொன்னதை. வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வாரங்கள் போயின. யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. விஸ்கான்சினிலிருந்து ஒரு இளைஞன். பெயர் டேரன் என்றான். நல்ல மரியாதையான குரல்.

"உங்களுக்கு நடந்தது கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தம். உங்ககிட்ட மிச்சம் மூணு டயர் இருக்குன்னு சங்கத்துல சொன்னாங்க. எங்கிட்டயும் ஒரு ஐம்பத்தாறு கரீபியன் இருக்கு. தொண்ணூத்தொம்பது வாங்குது."

"அந்த டயர்ல என் பொண்டாட்டி செத்துப்போனா தம்பி."

"தெரியும் சார். ஆனா நான் ஓட்ட மாட்டேன். டிரெய்லர்லதான்," என்றான்.

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றார் டெல்மர். வைத்துவிட்டார்.

கொட்டகைக்குப் போய் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தார். மூன்று டயரையும் துண்டு துண்டாக அறுத்தார். ரப்பர் ரம்பத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை; காய்ந்த ரொட்டிபோல உதிர்ந்தது. விலா வலித்தது. மத்தியானம்வரை ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து டேரன் மறுபடி கூப்பிட்டான்.

"அறுத்துட்டேன்," என்றார் டெல்மர்.

"அறுத்துட்டீங்களா? மூணையுமா?" அவன் குரல் உடைந்தது. "ஐயோ சார். அது மாதிரி இனிமே கிடைக்காதே. எப்படி சார் மனசு வந்துச்சு?"

அந்த வருத்தத்தில் பொய் இல்லை. டெல்மருக்கு நன்றாகப் பழக்கமான வருத்தம் அது. அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார்."

"அவ உன் வண்டியில ஏறுவாளா?"

"எப்பவாவது. ஊர்வலத்துக்கு."

"இப்ப எந்த டயர் போட்டிருக்க? எந்த வருஷத்துது?"

"அத விடுங்க சார்."

"டேரன், எந்த வருஷத்துது?"

தொடர்பு அறுந்தது. டெல்மர் அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுநாள் காலை காப்பி போடுவதற்கு முன்னால் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். முதல் பனி விழுந்த வாரத்தில் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. டெல்மர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, சமையலறை மேஜையில் விரித்து, கரீபியன் வைத்திருக்கிறவர்களை முதலிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, டயர் எந்த வருஷத்தது என்று கேட்கத் தொடங்கினார்.