ஏலக்காய் வாசம் ஆகாத மாதங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் போடியில் சரக்கு சேர்த்து வைக்கும் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்த்தேன். குரங்கணி வழியாகக் கழுதைகளில் இறங்கிவரும் காயைக் கொட்டிச் சலிப்பேன். பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்ததும் மூட்டை கட்டுவேன். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் ஏலக்காய் அதை இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே பீடி கூடாது, மண்ணெண்ணெய் விளக்கு கூடாது. தரம் பிரிக்க வரும் பெண்கள் தலையில் வைத்த மல்லிகையைக்கூட வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நுழைவார்கள். காயின் வாசம் எங்கள்மேல் ஏறுவது எங்களுக்குத் தெரியாது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மூக்குக்கு அது பழகி, இல்லாததுபோல் ஆகிவிடும்.

கல்யாணமான மறுவருடம் என் மனைவி உண்டானாள். மசக்கையில் அவளுக்கு ஏலக்காய் வாசம் ஆகவில்லை. நான் படியேறினாலே குமட்டினாள். கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் கன்னம் ஒட்டிப்போனது. அவளுடைய அம்மா வந்து தன் ஊரான சிலமலைக்கு அழைத்துப் போனார். அங்கே கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று சேதி வந்தது. எனக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போனால் மறுபடியும் சாப்பாடு நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

ஒரு லீவு நாளில் வாய்க்காலில் இறங்கி, சீயக்காயும் வேப்பிலையும் போட்டுத் தோல் எரியத் தேய்த்துக் குளித்தேன். வாசம் ஏறாமலிருக்கப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்சில் ஏறினேன். வாசம் போய்விட்டதா என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும். நானோ கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிற ஆள். பக்கத்தில் ஓர் ஆட்டு வியாபாரி இருந்தார்.

"அண்ணே, எம்மேல ஏதாச்சும் வாசம் வருதா?"

அவர் தோளருகே குனிந்து மோந்தார். "பாயாசத்துக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரில்ல இருக்கு!"

பின்னாலிருந்து ஓர் அம்மாள், "அவரு கெடா வாசத்தையும் தாண்டி இங்கன வரைக்கும் வருது அப்பு" என்றார். பஸ்சே சிரித்தது. பாதியில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை.

சிலமலையில் நான் வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் நின்றபடியே "அத்தே" என்று கூப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"கோவிச்சுக்கிராதீங்க மாப்ளே. மேக்கேயிருந்து காத்து அடிக்குது. நீங்க கெழக்கால அந்தப் படப்புகிட்டப் போயி ஒக்காருங்க. அவ இங்கன வாசல்லயே இருக்கட்டும்."

வைக்கோல் படப்பில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே மாடு கட்டும் வெளி முழுக்கக் கிடந்தது. அந்தப் பக்கம் என் மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"காலைல சாப்பிட்டியா?" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. "சாப்புட்டியான்னு கேக்குறாரு ஆத்தா! மாப்ளே, தொண்டையைத் தொறந்து பேசுங்க, ஊருக்கே கேக்கட்டும்!"

என் மனைவி சிரித்துவிட்டாள். "இப்பத்தான் குடிக்கிறேன்! அங்க யாரு சோறு வடிக்கிறா?"

"நாந்தான்!"

"வேகுதா?"

"கொழைஞ்சு போகுது!"

அதுவரை யாரிடமும் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. காற்று திரும்பிவிடுமோ என்று வைக்கோல் நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அவள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இன்னங் கொஞ்சம் ஊத்தும்மா" என்று நீட்டினாள். அதையும் குடித்தாள். கஞ்சி வயிற்றில் நிற்கிறதா என்று வெயில் சாயும்வரை படப்பை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது.